இருபத்தைந்தைத் தாண்டாத வண்டி

மின் ஸ்கூட்டர் வாங்கப் போகிற யாரும் நோங்கைக் கேட்காமல் கடைப் பக்கம் போக மாட்டார்கள். தென் சீனாவின் நன்னிங் நகரில் ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் அந்தப் பெரிய குடியிருப்புக்கு அவர் வாசல் காவலாளி. அறுநூற்றுச் சொச்சம் வண்டிகள் நின்று சார்ஜ் ஏறும் தகரக் கொட்டகையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. பதினோரு வருஷம்! எந்த வண்டியின் பேட்டரி இரண்டாம் வருஷமே வயிறு ஊதிக்கொள்ளும், எதன் பிரேக் மழை பெய்தால் கிறீச்சிடும், எதன் சீட் ஆறு மாதத்தில் பிளந்து பஞ்சைக் கக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"நோங் அண்ணே, ரெண்டாயிரம் யுவானுக்குள்ள ஒரு நல்ல வண்டி சொல்லுங்களேன்" என்று யாராவது வந்து நின்றால் போதும், மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிடும். சாப்பிட்டுக்கொண்டிருந்த நூடுல்ஸ் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து வருவார்.

"பகட்டைப் பார்க்காதே. கலர் லைட்டு, பாட்டுப் பாடுற ஸ்பீக்கர், இதெல்லாம் உன்னை ஆபீசுல கொண்டு போய்ச் சேர்க்காது. ஏறி உட்காரு. முழங்கால் எங்க இடிக்குதுன்னு பாரு. டயர்ல தண்ணிய ஊத்திட்டு பிரேக் பிடி. அப்புறம் பேட்டரி. பேட்டரி எந்தக் கம்பெனின்னு கடைக்காரன் சொல்லத் தயங்கினான்னா, அடுத்த கடைக்கு நடையக் கட்டு."

இப்படி ஊருக்கெல்லாம் வண்டி பார்த்துக் கொடுத்த மனுஷன், கடைசியில் தன் மனைவிக்கு ஒரு வண்டி பார்த்துக் கொடுத்தார். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அவரைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளட்டும். அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டதற்கு மேல் யாராலும் திட்டிவிட முடியாது.

மனைவி பெயர் சாய்லியன். நாற்பத்தொன்பது வயது. இரண்டு பேரும் தியன்டெங் மலைப்பக்கத்துக்காரர்கள்; ஒரே மகள் யிங் பக்கத்து மாகாணமான குவாங்தொங்கில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். சாய்லியன் நகரத்துக்கு வந்த நாளிலிருந்து செய்யாத வேலை இல்லை. நூடுல்ஸ் கடையில் கிண்ணம் கழுவினாள், கட்டட வேலையில் மணல் சலித்தாள், இரண்டு வருஷம் வீதியோரத்தில் மாங்காயையும் கொய்யாவையும் நறுக்கி மிளகாய்ப் பொடி தூவி விற்றாள். எந்த வேலையிலும் ஒரு துண்டுத் தாள் கிடையாது. உடம்பு சரியில்லாமல் ஒரு நாள் வராவிட்டால் அடுத்த நாள் அந்த இடத்தில் வேறொருத்தி நின்றுகொண்டிருப்பாள்.

அப்படி இருந்தவளுக்குத்தான் ஆற்றுக்கு வடக்கே ஒரு பெரிய மருத்துவமனையில் துப்புரவு வேலை கிடைத்தது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், மாதாமாதம் காப்பீடு, எல்லாம் முறைப்படி. அன்றைக்கு அவள் அந்தத் தாளை எடுத்து வந்து மேசையில் விரித்து, மூலைகளைக் கையால் தடவித் தடவி நிமிர்த்தினாள்.

"யிங் அப்பா, இங்க பாரு. இத்தனை வருஷத்துல இதுதான் முதல் தடவை. நான் விழுந்தா என்னைத் தூக்கி விட ஒரு ஆபீஸ் இருக்கு!"

"ஏன் விழணும்? விழாம வேலை பாரு."

"போய்யா, உன் வாயில நல்ல வார்த்தையே வராது" என்று சிரித்தாள்.

வேலை காலை ஆறு மணிக்கு. முதல் பஸ் புறப்படுவதே ஆறேகாலுக்கு. ஒரு நிமிஷம் பிந்தினாலும் மேற்பார்வைக்காரி பெயருக்கு நேரே கோடு போடுவாள். மாதத்தில் மூன்று கோடு விழுந்தால் வேலை போயிற்று. வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் பதினாலு கிலோமீட்டர். ஏழு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்த பழைய கனத்த ஸ்கூட்டரில்தான் போய்க்கொண்டிருந்தாள். புது விதிக்கு ஒத்துவராத அந்த மாதிரி வண்டிகளுக்குத் தந்திருந்த தற்காலிக நம்பர் பிளேட்டின் கெடு வசந்தத்தோடு முடியவிருந்தது. அதற்குப் பிறகு அது தெருவில் இறங்கினால் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஆக, வண்டி வேண்டும், அதுவும் கெடுவுக்குள். இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை, அந்தத் தாளும் இல்லை.

நோங் இரண்டு மாதம் வண்டி பார்த்தார். அடேயப்பா, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தால்கூட இத்தனை அலசல் இருக்காது. கொட்டகையில் நிற்கும் வண்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். சொந்தக்காரர்களை மடக்கி நிறுத்தி, "எத்தனை நாளுக்கு ஒரு தடவை சார்ஜ் போடுற? பாலம் ஏறும்போது இழுக்குதா, திணறுதா?" என்று துருவினார். லித்தியம் பேட்டரி இலேசானது, ஆனால் விலை எகிறும். ஈய பேட்டரி கனம், ஆனால் கெட்டுப்போனால் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது மாற்றிக்கொள்ளலாம். சாய்லியனுக்குக் குள்ள உடம்பு. கால் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கோட்டு சக்கரத்தில் சிக்கக்கூடாது. இவ்வளவையும் ஒரு அட்டையில் எழுதிக் காவல் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

சாய்லியன் சலித்துக்கொண்டாள். "ஓடணும், நிக்கணும், அவ்வளவுதானே. இதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார் அவர். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. சொந்தப் பெண்டாட்டிக்குத் தப்பாக வாங்கிக் கொடுத்தால் அந்தக் கொட்டகையில் தலைகாட்ட முடியுமா?

கடைசியில் சின் கடைக்குத்தான் போனார்கள். சின்னும் தியன்டெங்காரன், ஒரே மலை, ஒரே பேச்சு. ஊர்க்காரனிடம் வாங்கினால் ஏமாற்ற மாட்டான் என்று வாங்குவதுதான் அங்கே வழக்கம். சின்னும் ஏமாற்றவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோங் தேர்ந்தெடுத்த வெளிர் பச்சை வண்டிக்குப் பக்கத்துக் கடைகளைவிடக் குறைவாகவே விலை போட்டான். மழைத் திரை, முன்கூடை, தலைக்கவசம் மூன்றையும் சும்மா கொடுத்தான்.

வண்டியில் சைக்கிளுக்கு இருப்பது போல இரண்டு பெடல் இருந்தது. புது விதி அப்படி. பெடல் இருக்க வேண்டும், வேகம் இருபத்தைந்து கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் தானாக ஓய்ந்துவிட வேண்டும். அப்படி இருந்தால்தான் அது சைக்கிள் கணக்கு. லைசென்ஸ் வேண்டாம், சைக்கிள் பாதையில் போகலாம். நம்பர் பிளேட் கொடுக்கிற இடத்தில் இரண்டையும் சரிபார்ப்பார்கள். சரிபார்த்து முடிந்ததும் எல்லாரும் வண்டியைத் திரும்பக் கடைக்கே தள்ளிக்கொண்டு வருவார்கள். கடைக்காரன் பெடலைக் கழற்றிக் கூடையில் போடுவான். வேகப் பூட்டைத் திறந்துவிடுவான். சின் கடையின் பின்னறையில் அப்படிக் கழற்றிய பெடல்கள் மூன்று கூடை நிறையக் கிடந்தன. யாரும் இதைக் குற்றம் என்று நினைத்ததில்லை. புதுச் சட்டை வாங்கினால் காலரிலிருந்து அட்டையை உருவுவதில்லையா, அந்த மாதிரி.

நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு வந்ததும் சின் ஒரு வயரை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, பூட்டை எடுத்துரவா? மத்தவங்ககிட்ட இதுக்குக் காசு வாங்குவேன். உங்களுக்கு எதுக்கு? ஊர்க்காரங்க."

"எடுத்துரு, எடுத்துரு. இருபத்தஞ்சுல போனா நடந்து போறவன் முந்திருவான்" என்றார் நோங்.

சாய்லியன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "வேண்டாம்யா. அப்படியே இருக்கட்டுமே. நான் மெதுவாத்தானே போவேன்."

"அண்ணி பயப்படுறாங்க" என்று சின் சிரித்தான்.

"பயந்துக்கிட்டே இருந்தா எப்படி? கணக்குப் போட்டுப் பாரு" என்று நோங் விரலை மடக்க ஆரம்பித்தார். "பதினாலு கிலோமீட்டர். இருபத்தஞ்சுல போனா, சிக்னல் எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகும். நாப்பதுல போனா இருபத்தஞ்சு நிமிஷம். தினமும் இருபது நிமிஷம் கூடத் தூங்குவ. நாலு மணிக்கு எழுந்து எழுந்து உன் முகம் எப்படி ஆயிருக்கு, கண்ணாடியில பார்த்தியா? கோடு விழும்னு பயமும் இல்ல."

அவள் கைப்பிடியை விட்டு ஒதுங்கினாள். சின் வயரைச் செருகினான், போனில் எதையோ அழுத்தினான், "ஆச்சு அண்ணே" என்றான். பெடல்களைக் கூடையில் போடப் போனவனை மட்டும் நோங் தடுத்தார். நல்ல இரும்பு, எதற்காவது ஆகும் என்று ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் காவல் அறை அலமாரியில் வைத்துக்கொண்டார். எதையும் தூக்கி எறிய மனசு வராத ஆள் அவர்.

வண்டி நன்றாகவே ஓடியது. நோங் சொன்னதெல்லாம் பலித்தது என்றுகூடச் சொல்லலாம். மூன்று நாளுக்கு ஒரு தடவை சார்ஜ் போட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். நாலு நாள், சில வாரம் ஐந்து நாள்கூட வந்தது. அந்தப் பெருமையைக் கொட்டகைக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் அளந்தார்.

"நாப்பதுக்கு மேல விரட்டுறா என் வீட்டுக்காரி, அப்பவும் பேட்டரி நாலு நாள் நிக்குது. எல்லாம் தேர்ந்தெடுக்கிறதுல இருக்கு தம்பி!"

ஒன்றே ஒன்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. இருபது நிமிஷம் மிச்சம் பிடித்துக் கொடுத்தும் சாய்லியன் தூங்கினால்தானே? முன்போலவே நாலு மணிக்கு எழுந்து, முதல் நாள் மிஞ்சிய கஞ்சியைச் சூடு பண்ணிக் குடித்துவிட்டு, ஐந்துக்குள் கிளம்பிவிடுவாள்.

"இன்னும் கொஞ்சம் படுத்துக்கயேன்" என்று போர்வைக்குள்ளிருந்தே சொல்வார்.

"பழகிப்போச்சு. நீ தூங்கு" என்பாள். கதவைச் சத்தம் போடாமல் சாத்திக்கொண்டு போவாள். பழக்கம்தான் போல என்று அவரும் விட்டுவிட்டார்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. கார்த்திகைக் குளிர் இறங்கத் தொடங்கிய ஒரு விடிகாலையில், பாலம் இறங்கும் இடத்தில், காய்கறி ஏற்றி வந்த வேன் ஒன்று வலது பக்கம் திரும்பியது. சைக்கிள் பாதையில் யாரோ ஒரு குப்பை வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். சாய்லியன் அதைச் சுற்றிக்கொண்டு இரண்டு வண்டி நீளம் வெளியே வந்திருந்தாள். வேன் அவளைப் பார்க்கவில்லை. இடுப்பில் அடித்துச் சாய்த்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை அவள் துடைக்கிற அதே மருத்துவமனைக்குத்தான் கொண்டு போனார்கள். நாலாம் மாடித் தாழ்வாரத்தில் அவள் பெயருக்கு நேரே கோடு போடக் காத்திருந்த மேற்பார்வைக்காரியே ஓடி வந்து தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டாளாம்.

உயிர் பிழைத்தாள். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. முதல் ஆபரேஷனில் கம்பி வைத்துக் கட்டினார்கள்; வீட்டில் இருந்த சேமிப்பெல்லாம் அதோடு கரைந்தது. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: ஆறு வாரத்துக்குள் இரண்டாவது ஆபரேஷன் செய்து இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும். தள்ளிப் போட்டால் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிடும். அப்புறம் என்ன செய்தாலும் நிமிர்ந்து நிற்க முடியாது. பணம் கட்டினால்தான் தேதி.

நோங் தாளைத் தேடினார். அலமாரிக்கு அடியில், யிங்கின் பழைய பள்ளிக்கூடச் சான்றிதழ்களோடு, நான்காக மடித்து வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனை அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த பெண் நல்லவள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"வேலைக்கு வர்ற வழியில அடிபட்டாலும் வேலையில அடிபட்ட மாதிரிதான் அண்ணே. ரெண்டாவது ஆபரேஷன், படுக்கை, ஓய்வுல இருக்கிற வரைக்கும் சம்பளம், எல்லாம் காப்பீட்டு நிதியே பார்த்துக்கும். ஒரே ஒரு நிபந்தனைதான். விபத்துல பெரிய பங்கு தப்பு அவங்க மேல இருக்கக் கூடாது. போலீஸ் தாள்ல அது தெளிவா வரணும்."

"வேன்காரன்தானே திரும்பி இடிச்சான்!"

"அப்புறம் என்ன? வந்துரும். கவலைப்படாம போங்க."

போக்குவரத்து போலீசிலும் அப்படித்தான் சொன்னார்கள். வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது லியாங் என்ற இளம்பெண் அதிகாரி. கேமராவில் பார்த்தாயிற்று, வேன் மேல் பெரிய பங்கு, பாதையை விட்டு வெளியே வந்ததால் சாய்லியன் மேல் சின்னப் பங்கு என்றாள். நோங் அன்றைக்கு இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டார். பத்து நாளில் அவர் வயிறு பசி கேட்ட முதல் நாள் அது.

மறுநாள் போன் வந்தது. வேனின் காப்பீட்டுக் கம்பெனி, அந்த ஸ்கூட்டர் உண்மையிலேயே சைக்கிள் கணக்கில் வருகிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறதாம். வியாழக்கிழமை சோதனை.

போனை வைத்ததும் நோங் காவல் அறைக்கு ஓடினார். அலமாரியைத் திறந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய பெடல்கள் அப்படியே இருந்தன. அவற்றையும் ஒரு ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு, போலீசார் பிடித்த வண்டிகளை நிறுத்தும் மைதானத்துக்குப் போனார்.

பச்சை வண்டி ஓரமாக நின்றது. முன்கூடை நசுங்கியிருந்தது. கைப்பிடியில் சாய்லியன் மாட்டியிருந்த சிவப்புக் கையுறை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்தில் முத்திரைத் தாள் ஒட்டியிருந்தார்கள். லியாங் அவரைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள்.

"ஐயா, வண்டியத் தொடக் கூடாது. முத்திரை வெச்சாச்சு."

"தொடல அம்மா. பெடல் கொண்டு வந்திருக்கேன். வண்டியோட வந்ததுதான், ஒரிஜினல். ரெண்டு நிமிஷம் கொடுத்தா மாட்டிருவேன். நானே மாட்டிருவேன், யாரும் கை அழுக்காக்க வேண்டாம்."

அவள் பையை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"இப்ப மாட்டினா அது இன்னும் பெரிய தப்பு ஐயா."

"எல்லாரும் கழட்டுறாங்க அம்மா! எங்க கொட்டகையில அறுநூறு வண்டி நிக்குது. வந்து பாருங்க. பெடலோட ஒண்ணு இருக்கான்னு பாருங்க. பூட்டோட ஒண்ணு இருக்கா? ஊர்ல ஒருத்தருக்கும் ஆகாதது இவளுக்கு மட்டும் ஏன் ஆகணும்?"

"அவங்க யாரும் வேன்ல அடிபடல ஐயா" என்றாள் லியாங். அப்புறம் நோட்டைத் திறந்து, "பூட்டை எடுத்தது யாரு? எந்தக் கடை?" என்று கேட்டாள்.

சின்னின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? எடுத்துரு, எடுத்துரு என்று சொன்னது இந்த வாய்தானே. "நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார். "அவ வேண்டாம்னா. அதை எழுதிக்குங்க அம்மா. வண்டி ஓட்டினவ வேண்டாம்னு சொன்னா. கைப்பிடியப் பிடிச்சிக்கிட்டு நின்னா, வேண்டாம்யான்னா. இதை எங்கயாவது எழுத இடம் இருக்கா?"

அப்படி ஒரு இடம் அந்தப் படிவத்தில் இல்லை.

அடுத்த வாரம் அறிக்கை வந்தது. லியாங் தன் மேசைக்கு எதிரே அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னாள். சக்கரத்தைச் சுழலவிட்டு வேகம் பார்க்கும் சோதனை உருளையின் மேல் ஏற்றி ஓட்டியபோது வண்டி தொட்ட அதிகபட்ச வேகம் நாற்பத்தாறு. பெடல் இல்லை. ஆகவே இது சைக்கிள் கணக்கில் வராது, மோட்டார் வண்டி. மோட்டார் வண்டி என்றால் ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை. அதற்குரிய நம்பர் பிளேட் இல்லை. முதலில் சின்னதாக இருந்த பங்கோடு இதையெல்லாம் சேர்த்தால், பெரிய பங்கு இப்போது ஓட்டியவர் மேல்.

"இன்னொரு வரியும் இருக்கு" என்றாள் லியாங். சொல்லத் தயங்கினாள். "மோதின நேரத்துல வண்டி போன வேகம். கேமராவ வெச்சுக் கணக்குப் போட்டிருக்காங்க. பத்தொன்பது."

நோங்குக்குப் புரியவில்லை. "எது பத்தொன்பது?"

"உங்க வீட்டம்மா போன வேகம். மணிக்குப் பத்தொன்பது."

"பத்தொன்பதா?" அவர் எழுந்தே விட்டார். "பத்தொன்பதுல போனவள எப்படி அம்மா மோட்டார் வண்டி ஓட்டினான்னு எழுதுவீங்க? சைக்கிள் மிதிக்கிறவன் இதைவிட வேகமா போவான்! இருபத்தஞ்சைத் தாண்டக் கூடாதுன்னுதானே விதி? தாண்டலையே! அவ தாண்டவே இல்லையே!"

"எவ்வளவு வேகமா போனாங்கங்கிறது கணக்கு இல்ல ஐயா. வண்டி எவ்வளவு வேகமா போகும்ங்கிறதுதான் கணக்கு." அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தாள். "மேல்முறையீடு போடலாம். மூணு நாளுக்குள்ள போடணும். ஆனா உருளையில வந்த எண்ணு மாறாது."

மேல்முறையீடும் போட்டார். எழுதிக் கொடுக்க ஆள் பிடித்து, பத்தொன்பது என்பதைச் சிவப்பு மையில் இரண்டு தடவை கோடிட்டு. அந்த அறிக்கை சரிதான் என்று ஒரே பத்தியில் பதில் வந்தது. மருத்துவமனை அலுவலகத்துப் பெண், அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நிதியில வராது அண்ணே" என்றாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள படுக்கைய காலி பண்ணணும்னு வார்டுல சொல்லுவாங்க. நான் ரெண்டு நாள் கூடக் கேட்டுப் பார்க்கிறேன்."

நாலாம் மாடிக்கு லிஃப்டில் போகாமல் படியில் ஏறினார். ஏற ஏற ஒவ்வொன்றாக விளங்கியது. பேட்டரி நாலு நாள், ஐந்து நாள் நின்றது அவர் தேர்ந்தெடுத்த திறமையால் இல்லை. பத்தொன்பதில் போனால் எந்தப் பேட்டரியும் நிற்கும். எட்டு மாதமாக அவள் ஐந்து மணிக்குக் கிளம்பியது பழக்கத்தாலும் இல்லை. அட மடையா! இத்தனை வண்டியின் வயிற்றை உற்றுப் பார்த்தவனுக்குத் தன் வீட்டில் நடந்தது கண்ணில் படவில்லையே.

சாய்லியன் தலையணையில் சாய்ந்து, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்வாரத்தில் யாரோ தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் போல.

"மூலைய விட்டுட்டுத் துடைக்கிறா" என்றாள் அவரைப் பார்த்ததும். "புதுசு. சொல்லிக் கொடுக்கணும்."

நோங் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அலுவலகத்தில் காட்டலாம் என்று எடுத்து வந்த பெடல் பை கையில் இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஏன் அஞ்சு மணிக்கே கிளம்பின?"

"என்ன?"

"தினமும். எட்டு மாசம். நாப்பதுல போனா அஞ்சரைக்குக் கிளம்பினா போதுமே. ஏன் அஞ்சுக்கே கிளம்பின?"

அவள் பிடிபட்ட குழந்தை மாதிரி சிரித்தாள். "தெரிஞ்சு போச்சா?" என்றாள். "ஒரே ஒரு தடவை முழுசாத் திருகினேன்யா. முதல் நாள், பாலத்து மேல. வண்டி அப்படியே பிச்சிக்கிட்டுப் போச்சு. எனக்கு உசிரே போயிருச்சு. ஓரமா நிறுத்தி, இறங்கி, கொஞ்ச தூரம் தள்ளிக்கிட்டே போனேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. மெதுவாவே போவேன். நேரத்துக்குப் போய்ச் சேரணுமே, அதான் முன்னாடியே கிளம்புறது."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்லியிருந்தா அன்னைக்கே கொண்டு போய்ப் பூட்டைத் திரும்பப் போட்டிருப்பேனே. அஞ்சு நிமிஷ வேலை சாய்லியன். அஞ்சே நிமிஷம்."

"எப்படிச் சொல்றது? நீ எவ்வளவு ஆசையா பார்த்துப் பார்த்து வாங்கின. கொட்டகையில எல்லார்கிட்டயும் என் வீட்டுக்காரி நாப்பதுல விரட்டுறான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்ப. எனக்குத் தூக்கம் மிச்சம்னு உனக்கு அவ்வளவு சந்தோஷம். அதைப் போய் ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்." அவள் கையை நீட்டி அவர் மடியில் இருந்த பையைத் தொட்டாள். "என்னது இது, கனமா இருக்கு? பழம் வாங்கிட்டு வந்தியா?"

"இல்ல. சும்மா இரும்பு."

"எப்பப் பாரு, கண்டதையும் பொறுக்கிக்கிட்டு." அவள் போர்வையைச் சரி செய்துகொண்டாள். வலியில் முகம் சுளித்து, மறுபடி நிமிர்ந்தாள். "சரி, கீழ ஆபீசுக்குப் போனியே. காப்பீட்டுத் தாளைக் காட்டினியா? ரெண்டாவது ஆபரேஷன் என்னைக்குன்னு சொன்னாங்களா?"

நோங் பையின் வாயைச் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"என்னய்யா, கேட்டுக்கிட்டே இருக்கேன். தேதி சொன்னாங்களா இல்லையா?"

"சொல்வாங்க" என்றார்.

"சீக்கிரம் சொல்லச் சொல்லு. நான் எழுந்து நடக்கிற வரைக்கும் இந்த வேலைய யாருக்கும் கொடுத்துறக் கூடாது. இனிமே இப்படி ஒரு தாள் எனக்கு எங்க கிடைக்கும்?"